வாலுளுவை எண்ணெய் மனச்சோர்வைத் தணிக்கிறதா என்பதைச் சிறுநீரில் தேடுவது எப்படி?

கண்டனூர் மாணவி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. ஆய்வுத் தலைப்பாக நான் எடுத்துக்கொள்ள நினைப்பது வாலுளுவை விதை எண்ணெய். எங்கள் ஐயா காலமான பிறகு ஆயா ஓராண்டுக்கு மேல் வீட்டின் இரண்டாங்கட்டை விட்டு வெளியே வராமல், யாரோடும் பேசாமல் இருந்தார். அப்போது உறவுக்கார ஆச்சி ஒருவர் வாலுளுவை எண்ணெய் வாங்கிக்கொடுத்து, வெதுவெதுப்பான பாலில் இரண்டு சொட்டு விட்டுத் தினமும் குடிக்கச் சொன்னார். ஆயா மெல்லத் தேறினார். எண்ணெயால் தேறினாரா, காலம் தேற்றியதா, தினமும் மாலையில் பாலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்த அந்த ஆச்சியின் பேச்சு தேற்றியதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இந்த ஆய்வுக்குக் கொண்டுவந்தது.

எலிகளுக்கு நீண்ட நாள் மன அழுத்தம் கொடுத்து, ஒரு பிரிவுக்கு இந்த எண்ணெயைக் கொடுத்து, சிறுநீரைச் சேகரித்து, எல்.சி-எம்.எஸ். கருவியில் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும் கருவி) அதிலுள்ள வளர்சிதைப்பொருள்கள், அதாவது உடலின் வேதிவினைகளில் உருவாகும் சிறு பொருள்கள், அனைத்தையும் ஒரே நேரத்தில் பார்ப்பது என்பது என் திட்டம். அழுத்தத்தால் மாறிய பொருள்கள் எண்ணெய் கொடுத்த பிறகு பழைய அளவுக்குத் திரும்பினால், எண்ணெய் வேலை செய்கிறது என்று சொல்லலாம் அல்லவா? இந்த வாதத்தில் ஓட்டை இருந்தால் இப்போதே சுட்டிக்காட்டுங்கள். மூன்றாண்டு கழித்து ஆய்வேட்டு நேர்காணலில் அதைக் கேட்க நான் விரும்பவில்லை.

தேவகோட்டை சித்த மருத்துவர்

நல்ல பொருளைத் தேர்ந்திருக்கிறீர்கள், அம்மா. வடமொழியில் ஜோதிஷ்மதி என்று வழங்கும் கொடி இது. காய் பழுத்து மூன்றாக வெடிக்கும்போது, செம்மஞ்சள் தோல் போர்த்திய விதைகள் தெரியும். அந்த விதையைத்தான் நாட்டு மருந்துக் கடைகளில் வாலுளுவை அரிசி என்று கேட்டு வாங்குகிறோம். அறிவுத் தெளிவுக்கும் நினைவாற்றலுக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறோம். ஆனால் இன்றைய மருத்துவம் மனச்சோர்வு என்று வரையறுத்திருக்கும் நோய்க்கு நேரான மருந்தென்று இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. 2016இல் இந்திய ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு இந்த எண்ணெயைப் பதினான்கு நாள் கொடுத்துப் பார்த்து, நடத்தைச் சோதனைகளில் அவை அசைவற்றுக் கிடக்கும் நேரம் (சோர்வின் அளவுகோலாகக் கொள்ளப்படுவது) குறைந்ததாக வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன்.

ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் சொட்டுக் கணக்கில் கொடுக்கும் பொருள் இது. எலிக்கு அளவை நிர்ணயிக்கும்போது, விளைவு தெரியவேண்டும் என்பதற்காக மனிதர் யாரும் உட்கொள்ளாத அளவுக்கு ஏற்றிவிடாதீர்கள்.

காரைக்குடி பகுப்பாய்வாளர்

நீங்கள் கேட்ட ஓட்டை இருக்கிறது. அது இந்த எண்ணெயின் வேதியியலுக்குள்ளேயே இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வாலுளுவை விதை எண்ணெயில் பால்மிடிக், ஒலெயிக், லினோலெயிக் போன்ற கொழுப்பமிலங்களோடு டைஹைட்ரோஅகரோஃபியூரான் வகையைச் சேர்ந்த செஸ்குவிடெர்ப்பீன் எஸ்டர்களும் (அமிலங்கள் பிணைந்த தாவரப் பொருள்கள்) இருக்கின்றன. இந்த எஸ்டர்கள் பலவற்றில் அசிட்டிக் அமிலமும் பென்சாயிக் அமிலமும் பிணைந்திருக்கும். எலியின் உடலுக்குள் போன எஸ்டர் உடைந்தால் பென்சாயிக் அமிலம் விடுபடும். அதைக் கல்லீரல் கிளைசினோடு சேர்த்து ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் வெளியேற்றும். குதிரையின் சிறுநீரில் இந்த அமிலத்தைக் கண்டு லீபிக் 1829இல் பெயரிட்டதிலிருந்து வேதியியலார் நன்கறிந்த பாதை இது.

இனி உங்கள் திட்டத்தைப் பாருங்கள். அழுத்தத்துக்கு உள்ளான எலிகளின் சிறுநீரை ஆராயும் கட்டுரைகளில் மாறியதாகச் சொல்லப்படும் பொருள்களின் பட்டியலில் ஹிப்யூரிக் அமிலம் அடிக்கடி இடம்பெறுகிறது. குடல் நுண்ணுயிர்கள் தாவர உணவைச் சிதைப்பதாலும் அது உருவாகிறது. ஆகவே எலி சரியாகத் தின்னாவிட்டாலே அதன் அளவு குறையும். அழுத்தம் கொடுத்த எலியில் அது குறைந்து, எண்ணெய் கொடுத்தபின் உயர்ந்தால், பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று எழுதத் தோன்றும். உண்மையில் எண்ணெயிலிருந்த பென்சாயிக் அமிலமே அந்த உருவத்தில் வெளியேறியிருக்கலாம். நோய் தணிந்ததற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். விருந்தாளி வாசலில் விட்டுப்போன காலடித் தடத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் நடக்கத் தொடங்கிவிட்டார் என்று சொல்வதற்கு ஒப்பான பிழை அது.

இதைப் பிரித்தறிய ஒரு பிரிவு கட்டாயம் வேண்டும். அழுத்தமே கொடுக்காத எலிகளுக்கும் அதே எண்ணெயை, அதே அளவில், அதே நாள்கள் கொடுங்கள். அவற்றின் சிறுநீரில் உயரும் பொருள்கள் எண்ணெயின் தடங்கள். அவற்றைத் தனியே குறித்துக்கொண்ட பிறகுதான் அழுத்தம் பெற்ற எலிகளில் எது திரும்பியது என்று பேச முடியும். ஒப்பீட்டுக்காக ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுக்கும் பிரிவு வைத்தால், அதிலும் இதே சிக்கல் உண்டு. அந்த மருந்தும் அது சிதைந்து உருவாகும் நார்ஃப்ளுவாக்ஸெட்டினும் சிறுநீரில் தெரியும். அவற்றை நீக்காமல் புள்ளியியல் படம் வரைந்தால், பிரிவுகள் அழகாக விலகி நிற்பதாகத் தோன்றும். விலக்கி வைத்தது மருந்தின் சொந்த உச்சியாகவே (கருவியின் வரைபடத்தில் ஒரு பொருளைக் காட்டும் கூம்பு) இருக்கும்.

அடுத்தது எண்ணிக்கை. எல்.சி-எம்.எஸ். ஓட்டத்தில் 3000 உச்சிகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து 5 விழுக்காட்டு வரம்பில் முடிவுசெய்தால், எண்ணெய்க்கு எந்த விளைவுமே இல்லாவிட்டாலும் ஏறத்தாழ 150 உச்சிகள் மாறியதாகக் காட்டும். பல சோதனைகளை ஒன்றாகச் செய்யும்போது வரும் பொய்யான முடிவுகளைக் கட்டுப்படுத்த பெஞ்சமினியும் ஹாக்பெர்க்கும் 1995இல் தந்த திருத்தத்தைச் செய்யாமல் ஒரு பொருளின் பெயரைக்கூட எழுதாதீர்கள். பிரிவுகளைப் பிரித்துக் காட்டும் பி.எல்.எஸ்-டி.ஏ. என்ற புள்ளியியல் முறைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 20 எலிகளும் 3000 உச்சிகளும் இருந்தால், பிரிவுப் பெயர்களைக் குலுக்கிப் போட்டாலும் அந்த முறை அவற்றை இரண்டு குவியலாகப் பிரித்துக் காட்டும். ஆகவே பெயர்களை மாற்றி மாற்றி ஓட்டும் வரிசைமாற்றச் சோதனையில் தேறாத படத்தை ஆய்வேட்டில் சேர்க்கவேண்டாம்.

உச்சிக்குப் பெயர் வைப்பதிலும் நேர்மை வேண்டும். நிறை மட்டும் தரவுத்தளத்தோடு பொருந்தியதென்றால் அது ஊகப் பெயர். தூய மாதிரிப் பொருளை வாங்கி, அதே கருவியில் ஓட்டி, வெளிவரும் நேரமும் சிதைவுத் துண்டுகளும் ஒத்துப்போனால்தான் அது உறுதியான பெயர். எது எந்த வகை என்று அட்டவணையில் பிரித்து எழுதுங்கள்.

கண்டனூர் மாணவி

ஐயா, ஹிப்யூரிக் அமிலத்தைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை. என் முன்வரைவில் எதிர்பார்க்கும் விளைவுகள் என்ற பகுதியில் அதைத்தான் முதலாவதாக எழுதியிருந்தேன். இரண்டாவதாக எழுதியிருந்தது மனநிலையோடு தொடர்புபடுத்தப்படும் செரோட்டோனின். சிறுநீரில் அதன் அளவு உயர்ந்தால் மூளையில் உயர்ந்ததற்குச் சான்றாகக் கொள்ளலாமா?

காரைக்குடி பகுப்பாய்வாளர்

கொள்ள முடியாது. உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குடலில் இருக்கிறது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையை அது தாண்டுவதில்லை. சிறுநீரில் நீங்கள் அளப்பதில் பெரும்பகுதி மூளைக்கு வெளியே உருவானது. அதைவிட, செரோட்டோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நாம் உண்ணும் டிரிப்டோஃபனில் சிறு பங்கே செரோட்டோனினாகிறது. பெரும்பங்கு கைனுரெனின் பாதையில் செல்கிறது. அழற்சி இருக்கும்போது அந்தப் பாதையின் நொதிகள் தூண்டப்பட்டு ஓட்டம் இன்னும் கூடும். கைனுரெனின், கைனுரெனிக் அமிலம், சாந்துரெனிக் அமிலம் ஆகியவற்றைச் சேர்த்து அளந்து, அதே எலியின் இரத்தத்திலும், ஆய்வு முடிவில் மூளைத் திசுவிலும் ஒப்பிட்டால், சிறுநீர் காட்டும் திசைக்குப் பொருள் கிடைக்கும்.

மனிதருக்கு நீட்டிப் பேசும்போதும் கவனம் தேவை. எலியில் ஃபீனைல்அசிட்டிக் அமிலம் கிளைசினோடு சேர்ந்து வெளியேறும். மனிதரில் அது குளுட்டமினோடு சேர்ந்து வெளியேறும். எலிச் சிறுநீரில் பெரிய உச்சியாக நிற்கும் ஃபீனைல்அசிட்டைல்கிளைசினை மனச்சோர்வின் அடையாளம் என்று எழுதினால், மனிதரில் அதற்கு நேரான இடத்தைக் காட்டவே முடியாது. 2013இல் சீன ஆய்வாளர்கள் மனச்சோர்வு நோயாளிகளின் சிறுநீரையே என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியில் ஆராய்ந்து, மாலோனேட், ஃபார்மேட், என்-மெத்தில்நிக்கோட்டினமைடு, எம்-ஹைட்ராக்சிஃபீனைல்அசிட்டேட், அலனைன் என்னும் ஐந்தின் தொகுப்பை அடையாளமாக முன்வைத்தார்கள். உங்கள் எலிகளில் இந்த ஐந்தும் எப்படி நகர்கின்றன என்று தனியே பார்ப்பது பயனுள்ள கேள்வி.

புதுவயல் செக்குக்காரர் மகன்

வேதியியல் எனக்குத் தெரியாது. எண்ணெய் ஆட்டுவது தெரியும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் மரச்செக்கில் பெரும்பாலும் எள்ளும் கடலையும் தேங்காயும்தான் ஆட்டுகிறோம். வாலுளுவை போன்ற விதையை யாராவது கொண்டுவந்தால், முன்னால் ஆட்டிய எள்ளின் எண்ணெய் உரலின் மரத்தில் ஊறிக் கிடக்கும். எவ்வளவு துடைத்தாலும் முதலில் ஒழுகுவதில் நல்லெண்ணெய் வாசனை வரத்தான் செய்யும். எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது எங்கள் வழக்கம். பழக்கத்தில் வேலையாள் வேறு விதைக்கும் ஒரு துண்டைப் போட்டுவிடக்கூடும். ஆகவே செக்கில் ஆட்டிய எண்ணெய்தான் சுத்தம் என்று நம்பி, ஆய்வுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கடையில் புட்டியில் விற்பதை வாங்கினால், அதில் எத்தனை பங்கு வாலுளுவை என்று விற்பவருக்கே தெரியாது.

உங்களுக்கு ஆய்வகத்தில் இதற்கென்று சிறிய பிழிவுப் பொறி கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். அது முடியாமல் எங்களிடம் வந்தால், முதலில் கொஞ்சம் வாலுளுவையை ஆட்டி, அதைக் கழித்துவிட்டு, இரண்டாவது முறை ஆட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விதையும் கழிவும் கூடுதலாகும் என்பது உண்மை. அதற்கு வேறு வழி இல்லை.

காரைக்குடி பகுப்பாய்வாளர்

இந்தப் பதிவு இந்த இழைக்குக் கிடைத்த பெரிய உதவி. எள்ளில் செசமின் என்ற லிக்னான் வகைத் தாவரப் பொருள் உண்டு. குடல் நுண்ணுயிர்கள் அதை என்டெரோலாக்டோனாக மாற்றும். அது சிறுநீரில் வெளியேறும். செக்கில் ஒட்டியிருந்த நல்லெண்ணெய் உங்கள் எலியின் சிறுநீரில் புதிய உச்சியாக எழுந்து நின்றால், அதை வாலுளுவையின் அருமையான விளைவென்று எழுதிவிடுவீர்கள். ஆய்வு முழுவதற்கும் போதுமான எண்ணெயை ஒரே தொகுதியாக எடுத்து, கொழுப்பமில விகிதத்தையும், எண்ணெய் எவ்வளவு காறியிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு எண்ணையும் குறித்து, செசமின் இருக்கிறதா என்றும் சோதித்து, பழுப்புக் குப்பிகளில் காற்றுப் புகாமல் குளிரில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் பட்டாலை அலமாரியில் வைத்த எண்ணெய் இரண்டே மாதத்தில் காறிப்போகும். முதல் மாதம் கொடுத்ததும் மூன்றாம் மாதம் கொடுத்ததும் வேறு வேறு பொருளாகிவிடும்.

பள்ளத்தூர் வாசகர்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் அம்மா நான்கு ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இந்த இழையைப் படித்துக் காட்டியதும், மாத்திரையை நிறுத்திவிட்டு இந்த எண்ணெயைச் சாப்பிடட்டுமா என்று கேட்கிறார். என்ன சொல்வது?

மனநலச் செவிலியர், சிவகங்கை மாவட்டம்

அம்மாவிடம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள், தம்பி. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரக்கூடும்; தணிந்திருந்த நோய் திரும்பவும் தலைதூக்கலாம். மாத்திரையோடு சேர்த்து எண்ணெயைச் சாப்பிடுவதும், எழுதிக்கொடுத்த மருத்துவருக்குத் தெரியாமல் செய்யக்கூடியதன்று. இங்கே பேசப்படுவது இன்னும் தொடங்காத ஓர் எலி ஆய்வு. அதில் நல்ல முடிவு வந்தாலும், மனிதருக்குப் பாதுகாப்பானது என்று தெரியப் பல படிகள் பாக்கி இருக்கின்றன.

மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், பூசைக்கு நாள் பார்த்து மாத்திரையை விட்டுவிட்டு, மூன்றாம் வாரம் வீட்டாரால் கைத்தாங்கலாக அழைத்துவரப்பட்ட ஓர் ஆச்சியை நான் மறக்கவில்லை. அவர் கையில் ஒரு மூலிகைப் புட்டி இருந்தது. அவர் மேல் குற்றம் இல்லை. மாத்திரை எதற்கு, எத்தனை நாள் என்று யாரும் அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. அம்மாவுக்கு மாத்திரை ஏன் சலித்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பக்கவிளைவு ஏதாவது இருந்தால் மருத்துவர் அளவை மாற்றித் தரலாம். உடனே யாரிடமாவது பேசவேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.

பள்ளத்தூர் வாசகர்

நன்றி, அக்கா. சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன்.

விலங்குக்கூடப் பொறுப்பாளர்

எலிகளைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். நாள்பட்ட மிதமான அழுத்தம் என்ற முறையை வில்னர் 1987இல் வடிவமைத்தார். ஈரமான படுக்கை, சாய்த்து வைத்த கூண்டு, இரவு பகல் மாற்றம், சில மணி நேரப் பட்டினி, தண்ணீர் நிறுத்தம் என்று எதிர்பாராத வரிசையில் பல வாரம் கொடுப்பார்கள். எலி இன்பத்தில் நாட்டமிழந்ததா என்பதை, ஒரு குப்பியில் வெறும் நீரும் மற்றொன்றில் 1 விழுக்காடு சர்க்கரைக் கரைசலும் வைத்துப் பார்ப்பார்கள். நலமான எலி சர்க்கரையைத் தேடிப் போகும். சோர்ந்த எலிக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். குப்பிகளை இடம் மாற்றி வைக்க மறந்தால், எலி ஒரே மூலையில் பழகி நீங்கள் தவறாக எண்ணுவீர்கள்.

சிறுநீர் ஆய்வில் இந்த வரிசைதான் சிக்கலாகிறது. தண்ணீர் நிறுத்திய மறுநாள் சிறுநீர் செறிந்திருக்கும். பட்டினி போட்ட மறுநாள் கொழுப்புச் சிதைவின் பொருள்கள் கூடும். நீங்கள் அளப்பது அழுத்தத்தையா, வெறும் பசியையா என்று தெரியாமல் போகும். ஆகவே சேகரிப்புக்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் உணவையும் நீரையும் தொடாத அழுத்தங்களை மட்டும் வையுங்கள். கட்டாய நீச்சல் சோதனை (எலியை நீரில் விட்டு, அது எவ்வளவு நேரம் முயலாமல் மிதக்கிறது என்று பார்ப்பது) செய்வதானால் சிறுநீரை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் எலியும் தின்ற தீவனத்தை நாள்தோறும் நிறுத்து எழுதுங்கள்.

சிறுநீரைத் தனியே சேகரிக்கும் வளர்சிதைக் கூண்டே ஓர் அழுத்தம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கூட்டமாக வாழ்ந்த எலியைத் தனியே கம்பித் தரையில் விட்டால் முதல் இரவு அது தூங்காது. இரண்டு மூன்று முறை பழக்கிய பிறகு எடுத்த சிறுநீரே நம்பத்தக்கது. நான் முன்பு வேலை செய்த ஓர் ஆய்வகத்தில், தீவனத் தொட்டியின் விளிம்பு உடைந்திருந்ததைக் கவனிக்காமல் ஒரு மாதம் சேகரித்தோம். புனலில் விழுந்த தீவனத் தூள் சிறுநீரில் ஊறியிருந்தது. காலையில் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மாணவர் ஒருவர்தான், அடியில் மாவு போல் படிந்திருப்பதைக் கண்டார். அத்தனை மாதிரியையும் கொட்டினோம். அந்த எலிகள் பட்டது வீணாயிற்று என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது. நெறிமுறைக் குழு ஒப்புதல் தருவதோடு நம் கடமை முடிவதில்லை. எலியைப் படுத்துவதற்கு ஈடாக ஒரு தெளிவான விடையாவது கிடைக்கவேண்டும்.

சேகரிக்கும் குழாய் பனிக்கட்டியில் இருக்கட்டும். கிருமி வளராமல் இருக்கச் சிறிதளவு சோடியம் அசைடு சேருங்கள். மைய விலக்கியில் சுற்றி, சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 80 பாகையில் வையுங்கள். மின்தடை வந்தால் உறைபெட்டி எந்த மின்னாக்கியில் ஓடும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

கண்டனூர் மாணவி

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்து, நெறியாளரிடமும் பேசி, திட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். இப்போது ஐந்து பிரிவுகள். அழுத்தமின்றி, எண்ணெயோ மருந்தோ கலக்காத வெறும் கரைப்பான் பெறுபவை, அழுத்தமின்றி எண்ணெய் பெறுபவை, அழுத்தத்தோடு கரைப்பான் பெறுபவை, அழுத்தத்தோடு எண்ணெய் பெறுபவை, அழுத்தத்தோடு ஃப்ளுவாக்ஸெட்டின் பெறுபவை. ஒவ்வோர் எலியின் சிறுநீரையும் அழுத்தம் தொடங்கும் முன்பே ஒருமுறை எடுத்து, அந்த எலியை அதனுடனேயே ஒப்பிடப் போகிறேன். எண்ணெய் அளவை மருத்துவர் ஐயா சொன்ன சொட்டுக் கணக்கிலிருந்து உடற்பரப்பு விகிதப்படி கணக்கிட்டிருக்கிறேன். முன்பு எழுதியிருந்ததைவிட அது மிகவும் குறைவு. விளைவே தெரியாமல் போகலாம் என்று நெறியாளர் எச்சரித்தார். தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

நடத்தைச் சோதனையில் எலி தேறாமல், சிறுநீர் மட்டும் மாறினால் அதை மருந்தின் விளைவென்று எழுதமாட்டேன் என்பதை முன்வரைவின் முதல் பக்கத்திலேயே சேர்த்திருக்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது. செறிவைச் சமன்செய்ய எல்லாரும், தசையில் உருவாகிச் சிறுநீரில் கழியும் கிரியேட்டினினின் அளவால் வகுக்கிறார்கள். அழுத்தத்தில் எலி மெலிந்தால் கிரியேட்டினினே குறையாதா?

காரைக்குடி பகுப்பாய்வாளர்

குறையலாம். அதனால்தான் அதை மட்டும் நம்பக்கூடாது. 12 மணி நேரத்தில் வந்த மொத்தச் சிறுநீரின் அளவையும், அதில் கரைந்துள்ள பொருள்களின் மொத்தச் செறிவான ஆஸ்மோலாலிட்டியையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வகையிலும் சமன்செய்து பார்த்து, மூன்றிலும் ஒரே திசையில் நகரும் பொருளை மட்டும் பேசுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி வேளை எண்ணெய் கொடுத்து 48 மணி நேரம் கழித்து ஒருமுறை சிறுநீர் எடுங்கள். பென்சாயிக் அமிலம் அதற்குள் பெரும்பாலும் கழிந்திருக்கும். அந்தக் குழாயிலும் கைனுரெனின் பாதை சீராகவே இருந்து, எலியும் சர்க்கரைக் குப்பியைத் தேடிப் போனால், நீங்கள் பார்ப்பது எண்ணெயின் தடமாக இருக்காது.

கண்டனூர் மாணவி

48 மணி நேரக் குழாய்க்கென்று தனி நிற மூடி வாங்கச் சொல்லிவிட்டேன், ஐயா. விதை வாங்க அடுத்த வாரம் கிளம்புகிறேன். புதுவயலில் செக்குக்காரர் அண்ணனைப் பார்த்துவிட்டு, ஆட்டிக் கழித்த எண்ணெயிலும் ஒரு குப்பியைக் கேட்டு வாங்கி வரப்போகிறேன். செசமின் உச்சி எங்கே எழுகிறது என்று முதலில் அதில் பார்த்துக்கொள்கிறேன்.